2014 மாடல் வேகன் ஆர் வாங்கினால் நம்பி ஓட்ட முடியுமா?

கேள்வி: பெட்ரோல் வேகன் ஆர், 2014 மாடல், 68,000 கி.மீ. ஓடியது, இரண்டாவது ஓனர். சென்னையில் ஆபீஸ் போய்வர வாங்கலாமா? பழைய வண்டி மாதாமாதம் செலவு வைக்கும் என்கிறார்களே?

தாராளமாக வாங்கலாம். அப்படிச் சொல்பவர்கள் யார் என்று ஊகிக்க முடிகிறது. வீட்டில் ஒருவர், ஆபீஸில் ஏழு வருட லோனில் புது வண்டி எடுத்த இன்னொருவர். பழைய கார் என்றாலே நடுரோட்டில் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மாற்ற வேண்டிய முந்நூறு ரூபாய் சாமானை முந்தைய ஓனர் மாற்றாமல் விட்டதால்தான் பெரும்பாலான வண்டிகள் வழியில் நிற்கின்றன.

நீங்கள் பார்க்கும் வண்டியில் இருப்பது 998 சிசி, மூன்று சிலிண்டர் K10B எஞ்சின். எஞ்சினுக்குள் வால்வுகளை ஓட்டுவது டைமிங் செயின், அதனால் டைமிங் பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. ஆயிலை ஒழுங்காக மாற்றியிருந்தால் ஒன்றரை லட்சம் கி.மீ. தாண்டியும் சத்தமில்லாமல் ஓடும். காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கேளுங்கள். செயின் பக்கம் கரகரவென்று சத்தம் வந்து, சில நொடிகளுக்கு மேலும் நீடித்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். விற்பவர் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அன்று பார்க்காமல் மறுநாள் போங்கள். (மாருதிக்கு விளம்பரம் செய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதே விலையில் ஹூண்டாய் i10 பார்த்தாலும் இதே கதைதான். 1.2 கப்பா எஞ்சினுக்குச் செயின், பழைய 1.1 எஞ்சினுக்கு பெல்ட். பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் கேளுங்கள்.)

இந்த வயது வண்டியில் காலை வாருவது ரப்பரும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும். 68,000 கி.மீ. குறைவுதான், ஆனால் ஹோஸும் புஷ்ஷும் பெல்ட்டும் சென்னை வெயிலில் பத்து வருடத்துக்கு மேல் வெந்திருக்கின்றன. குறைவாக ஓடி நிழலில்லாமல் நின்ற வண்டியைவிட, தினமும் ஓடி ஒழுங்காக சர்வீஸ் பார்த்த லட்சம் கி.மீ. வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். உள்ளே இருப்பது பச்சையாகவோ நீலமாகவோ தெளிவாக இருந்தால் நல்லது. டீத்தூள் கழுவிய தண்ணீர் போல இருந்தால், போர் தண்ணீர் ஊற்றியே காலம் தள்ளியிருக்கிறார்கள். அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும், வாட்டர் பம்பின் சீலையும் தின்னும். ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பிசுக்கு ஒட்டியிருந்தாலோ, எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள சீல்) போயிருக்கலாம். அலுமினியம் ஹெட் ஒருமுறை சூட்டில் வளைந்தால் செலவு இருபதாயிரத்தைத் தொடும். விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். வண்டி ஒருமுறை அதிகமாகச் சூடானதும் அதைக் கழற்றி எறியும் மெக்கானிக்குகள் நம் ஊரில் நிறைய. 'சென்னை சூட்டுக்கு அது தேவையில்லை சார்' என்பார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், அதுவரை ECU (எஞ்சினை இயக்கும் கணினி) கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும், மைலேஜ் குறையும். ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் வெதுவெதுப்பானால் சந்தேகப்படுங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் அந்த ஹோஸ் சில நிமிடம் ஆறியே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும்.

வாங்கிய முதல் வாரத்திலேயே மேல், கீழ் ரேடியேட்டர் ஹோஸ், கிளிப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஆல்டர்னேட்டர் பெல்ட், ஏசி பெல்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுங்கள். பழைய தண்ணீரை வடித்து, சுத்தமான தண்ணீர் விட்டு ஓட்டி மறுபடி வடித்து, நிறம் தெளியும் வரை இதைச் செய்ய வேண்டும். பிறகு கூலன்ட் கான்சன்ட்ரேட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். 5 லிட்டர் கலந்து வைத்துக்கொண்டால் தாராளம். 'ரெடி டு யூஸ்' கேன் வாங்கினால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. மூடியைத் திறந்து வைத்து, மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். ஃபேன் ஒருமுறை ஓடி நின்றதும் அளவு பார்த்து மூடுங்கள். மறுநாள் காலையில் ரிசர்வ் பாட்டிலில் அளவு குறைந்திருக்கும், LOW-க்கும் FULL-க்கும் நடுவில் இருக்குமாறு நிரப்புங்கள். கெட்டால் மாற்றினால் போதாதா என்று சர்வீஸ் சென்டர் அனுபவசாலிகள் கேட்பார்கள். ஹோஸ் கெடுவது மதுரவாயல் பாலத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போதுதான் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே மாற்றச் சொல்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சின் ஆயில் 5W-30, ஒரு 3 லிட்டர் கேன், ஃபில்டர். 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக ஊற்றுங்கள். ஏசி போட்டு நிற்கும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் எஞ்சின் மவுன்ட்டிங்கைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் வண்டியில் அந்த ரப்பர் சீக்கிரம் கிழியும். வேகத்தடையில் கடகடவென்றால் சஸ்பென்ஷனில் உள்ள லோயர் ஆர்ம் புஷ் அல்லது ஸ்ட்ரட் மவுன்ட் தேய்ந்திருக்கலாம். டயரின் பக்கவாட்டில் DOT-க்குப் பிறகு வரும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. தரையில் படும் கட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயருக்கான பணத்தை விலையில் கழியுங்கள். பேட்டரி நின்ற நிலையில் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். டயர் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் முதல் செலவு 20,000 முதல் 30,000 ரூபாய் வரை வரலாம், ஊருக்கு ஊர் மாறும். அதன்பிறகு வருடத்துக்கு ஒரு சர்வீஸ்தான். மாதாமாதம் செலவு என்பதெல்லாம் இந்த முதல் வேலையைச் செய்யாதவர்களின் கதை.

சென்னை வண்டி என்பதால் வெள்ளத்தில் நின்றதா என்று பார்த்தே ஆக வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023-இல் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் மூழ்கிய வண்டிகள் பாலிஷ் போட்டுச் சந்தைக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். மூழ்கிய வண்டியென்றால் அடியில் சேற்றுக்கோடு தெரியும், அந்த இடத்தைக் கழுவ யாருக்கும் தோன்றாது. முன் சீட்டின் ரெயில் போல்ட்டில் துருவா, ஸ்டெப்னி குழியில் மண்ணா, ஃபியூஸ் பாக்ஸ் கனெக்டரில் பச்சைப் பூப்பா என்று பாருங்கள். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி மோந்தும் பாருங்கள்.

2014 அடிப்படை வேரியன்ட்டில் ஏர்பேக், ABS இல்லை. குடும்பத்தோடு அடிக்கடி நெடுஞ்சாலையில் போவதென்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே வேறு வண்டி பாருங்கள். நகரத்துக்குள் என்றால் பரவாயில்லை. மைலேஜ் 13 முதல் 15 வரை எதிர்பார்க்கலாம்.

கேட்காத ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, விலையில் மட்டும் அந்தக் குறைவைக் காணோம். 2014-இல் செய்த வண்டியின் எரிபொருள் ஹோஸும் சீலும் E20-ஐ மனதில் வைத்துச் செய்தவை இல்லை. எத்தனால் இல்லாத சாதாரண பெட்ரோலை ஒரு குழாயிலாவது தனியாக விற்றால் என்ன குறைந்துவிடும்? கோடிக்கணக்கான பழைய வண்டிக்காரர்களைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டார்கள். இப்போதைக்கு, எரிபொருள் ஹோஸ்களை வருடம் ஒருமுறை விரலால் அமுக்கிப் பாருங்கள், வெடிப்போ பெட்ரோல் வாடையோ வந்தால் உடனே மாற்றுங்கள். வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தவும் வேண்டாம்.

15 வருடம் ஆனால் நசுக்கிவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம், அது டெல்லிக் கதை. இங்கே 2029-இல் தகுதிச் சோதனை முடித்து, கட்டணமும் பசுமை வரியும் கட்டினால் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம்.

பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருக்கிறதா, இ-சலான் பாக்கி இருக்கிறதா என்று பரிவாஹன் அரசு இணையதளத்தில் பாருங்கள். லோன் இருந்தால் பேங்கின் ஆட்சேபணையில்லை சான்றும் (NOC), ஆர்.சி.யில் லோனை நீக்கும் ஃபாரம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29 இரண்டு பிரதி, ஃபாரம் 30 ஆகியவற்றை விற்பவரிடம் நேரில் கையெழுத்து வாங்கி, புரோக்கரிடம் விடாமல் நீங்களே சமர்ப்பியுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். மாற்றாமல் இடித்துவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் காசு வராது. விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும். அவருடைய ஃபாஸ்டேக்கை அவர் கையாலேயே மூடச் சொல்லிவிட்டு, உங்கள் பெயரில் புதிதாக ஒன்று வாங்கி ஒட்டுங்கள்.