மடை இருந்த இடம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஓசூரில் இருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி டவுன். 1996-இல் வேலை கிடைத்து ஊரை விட்டு வந்தேன். அப்பாவும் அம்மாவும் இருந்தவரை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வருவேன். அவர்கள் போன பிறகு எட்டு வருஷமாக வரவில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்குப் பதினோரு வயது.

ஜங்ஷனில் இறங்கியதிலிருந்தே எனக்குத் திசை பிடிபடவில்லை. வண்ணார்பேட்டையில் நின்றுகொண்டு ஆட்டோக்காரரிடம் வழி கேட்டேன், என் ஊரில்! கீழரத வீதிக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த வளவு இப்போது மூன்று மாடிக் கடை. "உங்க வீடு எங்கப்பா?" என்று மகள் கேட்டாள். சுவரில் தொங்கிய ஒரு ஏ.சி. பெட்டியைக் காட்டி, "அந்த இடத்துலதான் அடுக்களை இருந்தது" என்றேன். சிரித்துவிட்டாள். (2009-இல் பங்கு பிரித்தபோது நாங்கள்தான் விற்றோம். அதை அவளிடம் சொல்லவில்லை.) பார்த்த இடமெல்லாம் வயல் பிளாட்டாகிக் கிடக்கிறது. அல்வாகூடப் பழைய ருசி இல்லை.

நம் ஊரை இப்படி ஆக்கியது யார் அண்ணாச்சி? அங்கேயே இருக்கிற உங்களுக்கு ஆத்திரம் வரவில்லையா? நெல்லையப்பர் கோவில் ஆனித் தேருக்கு மகளை மறுபடியும் கூட்டி வரலாம் என்றிருக்கிறேன். அவளுக்கு எதைக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு அடைப்புக்குறி இருக்கிறது. அதைத் திறக்காமல் உங்களுக்குப் பதில் எழுதினால் அது பாசாங்கு.

நானும் டவுனில் வளவு வீட்டில் வளர்ந்தவன்தான். ஏழு குடித்தனம். தெருவாசலில் நுழைந்தால் நீளமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் வீடுகள், கடைசியில் கிணறு, அதற்கும் பின்னால் கக்கூஸ். ஒவ்வொரு வீடும் தார்சா என்கிற முன்கட்டு, பட்டாசல் என்கிற கூடம், அடுக்களை, அவ்வளவுதான். ஒரு வீட்டில் உளுந்தஞ்சோறு பொங்கினால் ஏழு வீட்டுப் பிள்ளைகளுக்கும் எள்ளுத் துவையல் வாசனை வந்துவிடும். எந்த அடுக்களையில் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். இதையெல்லாம் நாம் எல்லாரும் எழுதிவிட்டோம், நானே நாலைந்து தடவை எழுதியிருப்பேன்.

எழுதாமல் விட்டதும் உண்டு. ஏழு குடித்தனத்துக்கு இரண்டு கக்கூஸ். விடிந்தால் வாளியோடு வரிசை. வயசுக்கு வந்த அக்காமார் அந்த வரிசையில் நிற்கக் கூசி, இருட்டோடு எழுந்து போய்விட்டு வந்து மறுபடி படுத்துக்கொள்வார்கள். அப்புறம், வீடு கேட்டு வருகிறவர்களிடம் வளவுக்கார ஆச்சி முதலில் வாடகையைப் பற்றிப் பேச மாட்டாள். "நீங்க என்ன ஆட்கள்?" என்பாள். பதில் சரியாக இருந்தால்தான் சாவி. நல்ல மழை நாளில் வீடு பார்க்க வந்த ஒரு வாத்தியார் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல், அப்போதுதான் மடக்கிய குடையை மறுபடி விரித்துக்கொண்டு இறங்கிப் போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஊருக்கு வெளியே காலனிகள் வந்திராவிட்டால் அவர் எங்கே போய்க் குடியிருந்திருப்பார்? (அந்தக் கேள்வி இன்றும் செத்துவிடவில்லை. இப்போது புரோக்கர் போனில் கேட்கிறார்.)

அப்பாவுக்குக் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தா வேலை. டவுனில் இருந்து சைக்கிளில்தான் போவார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஈரடுக்குப் பாலம் வந்தது. மேல் அடுக்கில் பஸ்ஸும் லாரியும், கீழ் அடுக்கில் சைக்கிள்காரர்கள். அதற்கு முந்தி ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்த கதையை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஜங்ஷனைத் தாண்டினால் தாமிரபரணி ஆற்றின் மேல் சுலோச்சன முதலியார் பாலம், 1843-இல் திறந்தது. "வெள்ளைக்காரன் கட்டின பாலம்" என்று சொல்லிவிட்டால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். "கலெக்டர் கச்சேரியில சிரஸ்தாரா இருந்தவரு கைக்காசு போட்டுக் கட்டினதுலே அது" என்பார். தன் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர் ஆற்றுக்குப் பாலம் போட்டிருக்கிறார் என்பதில் ஒரு குமாஸ்தாவுக்கு எவ்வளவு பெருமை!

டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை. நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது இவை தனித்தனி ஊர்கள். எங்கள் ஆச்சி பாளையங்கோட்டைக்குப் போவதென்றால் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, "பாளையங்கோட்டை வரைக்கும் போயிட்டு வாரேன், பால்காரன் வந்தா வாங்கி வையி" என்று ஏதோ மதுரைக்குப் போகிற மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்புவாள். நடுவில் ஆறும் வயலும் கிடந்தன. பஸ் பாலத்தின் மேல் ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் தூரத்தில் பச்சை தெரியும். அது தெரிவதற்காகவே அந்த ஓரத்துக்கு அண்ணன் தம்பிக்குள் சண்டை நடக்கும். 1994-இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளோடு தச்சநல்லூரையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். காகிதத்தில் சேர்ந்தது அப்போதுதான். தரையில் அதற்குப் பத்து வருஷம் முந்தியே சேர ஆரம்பித்துவிட்டது. சேர்த்து வைத்தவர்களில் எங்கள் அப்பாவும் ஒருத்தர்.

இதோ என் அடைப்புக்குறி. 1984-இல் அப்பா பாளையங்கோட்டைக்குத் தெற்கே அஞ்சு சென்ட் வாங்கினார். பாளையங்கால்வாய்ப் பாசனம். பழவூர் அணைக்கட்டில் பிரிந்து மேலப்பாளையம் வழியாக வருகிற தண்ணீர். கார், பிசானம் என்று இரண்டு பூ விளைந்த நிலம். நாங்கள் பார்க்கப் போன அன்று எல்லைக்கல் நட்டு முடித்திருந்தார்கள். கல்லைச் சுற்றி அறுத்த நெல்லின் தாள் அப்படியே நின்றது, நடந்தால் காலில் குத்தியது. அப்பா வரப்பின் மேல் ஏறி நின்று, "இங்கன பட்டாசல், அங்கன அடுக்களை" என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கக்கூஸ் நமக்கு மட்டும் தனியாவா?" ஆமாம் என்று தலையாட்டினார். அன்றைக்கு அம்மா முகத்தில் பார்த்த சந்தோஷத்தை அப்புறம் எங்கள் கல்யாணங்களில்கூட நான் பார்க்கவில்லை.

சரள் அடித்து மேடாக்கினோம். பின்பக்கத்து மூலையில் ஒரு சின்ன மடை இருந்தது, வாய்க்காலில் இருந்து வயலுக்குத் தண்ணீர் திரும்புகிற இடம். கொத்தனார் உடைகல்லைப் போட்டு அதை அடைத்துவிட்டு அதன் மேல் துணி துவைக்கக் கல் போட்டுக் கொடுத்தார். கிணறு தோண்டினால் பதினெட்டு அடியில் தண்ணீர். முதல் இரண்டு வருஷம் பக்கத்து வயலில் நடவு நடந்தது. அம்மா அடுக்களை ஜன்னலில் நின்றபடி நடவுக்காரப் பெண்களோடு பேசிக்கொண்டே குழம்பு வைப்பாள். ராத்திரி தவளைச் சத்தத்தில் ரேடியோ கேட்காது. மூன்றாவது வருஷம் அந்த வயலிலும் கல் நட்டார்கள். அப்பாவுக்குத் தாங்கவில்லை. "விளையுத காட்டையெல்லாம் அழிக்கானுவளே, பாவிக" என்று திட்டித் தீர்த்தார். எங்கள் வீட்டுத் தட்டட்டியில், அந்த மொட்டை மாடியில் நின்றுகொண்டுதான் திட்டினார்.

யார் ஆக்கியது என்று கேட்டீர்கள். எனக்கும் ஆத்திரம் வரும். வருகிற நேரத்தில் அந்தத் தட்டட்டியும் கூடவே வந்துவிடுகிறது. என்ன செய்ய?

இதைச் சொல்லி அரசாங்கத்தைத் தப்பவிடவும் மனசில்லை. நாம் அஞ்சு சென்டில் செய்ததை அவர்கள் ஏக்கர் கணக்கில் செய்தார்கள். புது பஸ் ஸ்டாண்டு எங்கே இருக்கிறது? வேய்ந்தான்குளத்தில். பேரிலேயே குளம் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நின்றால் நாம் ஆச்சரியப்படுகிறோம். குளம் என்றால் சும்மா கிடக்கிற இடம் என்ற நினைப்பு கலெக்டரில் இருந்து குமாஸ்தா வரை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்திருக்கிறது. நயினார்குளம் மட்டும் மார்க்கெட்டும் லாரியும் நெருக்க நெருக்க இன்னும் குளமாகவே கிடக்கிறது. டவுனுக்குப் போனால் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வருவேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த மழையைப் பற்றி நீங்கள் ஓசூரில் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் இருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. இங்கே ஜங்ஷன் மூழ்கியது. அப்பா முப்பது வருஷம் வேலை பார்த்த கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே ஆறு வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு ஆறு வராது, கால்வாய்தான் வரும். நான் தெருவாசலில் சாக்கில் மணல் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். புறவாசலில் இருந்து அம்மா கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் துவைகல்லுக்கு அடியில் இருந்து செம்மண் தண்ணீர் பொங்கி வருகிறது. முப்பத்தொன்பது வருஷம் கழித்து, சரியாக அந்த மூலையில். நான் பதறிப்போய்ச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அம்மாவுக்கு அப்போது எண்பத்துநாலு வயசு. கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்: "மடை இருந்த இடம்லா அது. அது வழியில அது வருது. நீ எதுக்குக் கெடந்து ஓடுத?"

முழங்காலுக்கு நின்றது, ஒன்றரை நாள். 1992 நவம்பரில் இதே ஆற்றில் பெரிய வெள்ளம் வந்தபோது எங்கள் வீட்டில் வாசற்படிகூட நனையவில்லை. அப்போது சுற்றிலும் காலி மனையும் துண்டு துண்டாக வயலும் மிச்சம் இருந்தன. தண்ணீர் அங்கே போய்ப் படுத்துக்கொண்டது. இப்போது படுக்க இடம் இல்லை, வீட்டுக்குள் வந்துவிட்டது.

அல்வாவுக்கு வருகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். ருசி மாறவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு வாங்கிய நூறு கிராமைத் தெருவிலேயே தின்றுவிட்டு இலையில் ஒட்டிய நெய்யையும் வழித்து நக்கியவர்கள் நாம். இன்றைக்குச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பயந்து பயந்து ஒரு விள்ளல் வாயில் வைக்கிறோம்.

சரி, மகளுக்கு என்ன காட்டுவது? தேரோட்டத்தன்று காலையிலேயே ரத வீதிக்கு வந்துவிடுங்கள். ஐந்து தேரும் ஓடும். அவள் வடத்தில் ஒரு கையாவது வைக்கட்டும். தேர் மூலையில் திரும்பும்போது சறுக்குக்கட்டை போடுகிறவர்களைப் பார்க்க வையுங்கள், அதைவிட நுட்பமான வேலையை நான் பார்த்ததில்லை. அதற்கு முந்தின நாட்களில் கடைக்காரர்கள் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்த தகரத்தையும் பந்தலையும் கழற்றி உள்ளே இழுத்துக்கொள்வார்கள், தேர் போகவேண்டுமே! நம் ஊரில் நாம் பிள்ளைகளாக ஓடிய அகலத்தில் இன்னும் இருக்கிற தெருக்கள் அந்த நான்குதான்.

மறுநாள் காலை குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோவில். பெரிய வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரைத் தூக்கிக்கொண்டு கரைக்கு மேலே இருக்கிற மேலக்கோவிலுக்குப் போய்விடுவார்கள். ஆறு கோவிலுக்குள் புகுந்து வெளியேறும். வடிந்ததும் சகதியை அள்ளிப் போட்டுக் கழுவிவிட்டுப் பூசை தொடங்கும். 2023-லும் அப்படித்தான் நடந்தது. அங்கே யாரும் மணல் மூட்டை அடுக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. படித்துறையில் பாசி வழுக்கும், பிள்ளையின் கையை விட்டுவிடாதீர்கள். மாற்றுத்துணி கொண்டு வாருங்கள். அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு இறங்காமல் அவளால் இருக்க முடியாது.

அந்தக் கடைக்கு முன்னால் இன்னொரு தடவையும் அவளைக் கூட்டிப் போங்கள். ஏ.சி. பெட்டியைக் காட்ட வேண்டாம். "இதை நாங்கதான் வித்தோம்" என்று சொல்லுங்கள். எத்தனை பங்கு வந்தது, எதற்காக விற்றோம், அந்தப் பணம் ஓசூரில் எந்தச் சுவராக நிற்கிறது என்று சொல்லுங்கள். பதினோரு வயசுப் பிள்ளைக்கு அது விளங்கும். இந்தத் தடவை சிரிக்க மாட்டாள்.

மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். பட்டாசல் சுவரில் வெள்ளம் போட்ட கோடு அப்படியே இருக்கிறது, மேலே பெயின்ட் அடிக்க அம்மா விடவில்லை. அன்றைக்கு நம் வீட்டில் சொதிக் குழம்பு. வருவதற்கு ஒரு நாள் முன்னால் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். தேங்காய்ப்பால் எடுக்க இப்போது அம்மாவுக்குக் கை வலிக்கிறது, துருவுகிற வேலை என்னுடையது.