வேரியபிள் ஆன்யுட்டியில் இறப்பு உத்தரவாதத்தின் விலையை சிமுலேஷன் வைத்து எப்படிக் கணக்கிடுவது?

சத்துவாச்சாரியில் 60 வயதுக்காரர் ஒருவர் வேரியபிள் ஆன்யுட்டியில், அதாவது பணத்தை மார்க்கெட் ஃபண்டில் வளர்க்கும் ஓய்வூதியக் காப்பீட்டில், 10 லட்சம் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். (இது அமெரிக்கச் சரக்கு. முதலீடும் காப்பீடும் கலந்த நம்மூர் யூலிப் பாலிசியில், கட்டிய பிரீமியத்தில் 105 சதவீதமாவது இறப்புத்தொகை தர வேண்டும் என்ற விதி இதற்குப் பங்காளி.) அவர் இறக்கும்போது ஃபண்ட் 10 லட்சத்துக்குக் கீழே இருந்தால் துண்டு விழுவதைக் கம்பெனி போடும். ஆக, இது ஒரு புட் ஆப்ஷன்: விலை இறங்கினாலும் முன்பே குறித்த விலைக்கு விற்கும் உரிமை. முடிவுத்தேதி மட்டும் எமன் கையில்.

ஃபண்ட் போகக்கூடிய பாதைகளைக் கணினியில் ஆயிரக்கணக்கில் ஓட்டுங்கள். வளர்ச்சியாக ரிஸ்க் இல்லாத வட்டியை (அரசுப் பத்திர வட்டி மாதிரி) போட்டு, கம்பெனி பிடிக்கும் கட்டணத்தைக் கழியுங்கள். ‘மார்க்கெட் 12 சதவீதம் தரும்’ என்று போட்டால் விலை பொய்யாகக் குறையும். ஒரு பாதையில் 3ஆம் ஆண்டு முடிவில் ஃபண்ட் 7 லட்சம் என்றால் பற்றாக்குறை 3 லட்சம்; 6 சதவீத வட்டியில் இன்றைய மதிப்பு சுமார் 2.52 லட்சம். அதை அவர் அந்த ஆண்டில் இறக்கும் நிகழ்தகவால் பெருக்குங்கள். ஆண்டுகளைக் கூட்டி, பாதைகளுக்குச் சராசரி எடுத்தால் விலை. சாவையும் குலுக்கிப் போட வேண்டாம், மரண விகித அட்டவணை போதும். பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு பாதைகள் வேண்டும்.

உண்மையில் இந்த எளிய வகைக்கு, ஆப்ஷன் விலையைக் கணக்கிடும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரமே போதும். ஆண்டுதோறும் உச்சத்தைப் பிடித்துவைக்கும் ராட்செட் வகை வந்தால்தான் சிமுலேஷன் கைகொடுக்கும். அப்புறம், இந்த உத்தரவாதத்துக்கான கட்டணமும் ஃபண்டிலிருந்தே போவதால், வசூலும் விலையும் சமமாகும் வரை கட்டண விகிதத்தை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.