74 வயது அப்பாவை மறுபடி ‘எட்டு’ போட வைக்க முடியுமா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பல வருஷமாகக் கார் ஓட்டுகிறார். சமீபத்தில் இரண்டு முறை வீட்டு கேட்டில் உரசிவிட்டார். ஒரு நாள் இரவு, எதிரே வந்த பைக்கைக் கடைசி நொடியில்தான் கவனித்தார். அடுத்த மாதம் லைசென்ஸ் முடிகிறது. இந்த வயதில் மறுபடி டெஸ்ட் வைக்க மாட்டார்களா? ‘புதுப்பிக்காமல் ஒரு வருஷம் விட்டால் தானாகவே டெஸ்டுக்குப் போக வேண்டி வரும்’ என்கிறான் தம்பி. கார் என் பெயரில் இருக்கிறது. பேச்செடுத்தாலே அப்பாவுக்குக் கோபம் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் தம்பியின் யோசனையைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஆபத்து அதில்தான் இருக்கிறது. அவர் சொல்வது சட்டப்படி சரி. லைசென்ஸ் காலாவதியாகி ஓராண்டு கடந்த பிறகு விண்ணப்பித்தால், ஓட்டுநர் தேர்வில் தேறினால்தான் புதுப்பிப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 15-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த ஒரு வருஷம் அப்பா சும்மா இருப்பாரா? முன்பு காலாவதிக்குப் பிறகும் 30 நாள் அவகாசம் இருந்தது. 2019 திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது மறுநாளே சாவியை எடுத்தாலும் அவர் லைசென்ஸ் இல்லாதவர்தான். 181-வது பிரிவின்படி அவருக்கு 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்ததற்காக 180-வது பிரிவில் வண்டியின் உரிமையாளரான உங்களுக்கும் அதே அளவு தண்டனை உண்டு.

அதைவிடப் பெரியது நஷ்டஈடு. அந்தச் சமயத்தில் யார் மீதாவது கார் மோதினால், விபத்துத் தீர்ப்பாயத்தில் உரிமையாளர் என்ற முறையில் நீங்களும் பதில் சொல்ல வேண்டும். லைசென்ஸ் காலாவதியானது தெரிந்தே வண்டியைக் கொடுத்தீர்கள் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் நிரூபித்துவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு அதை உங்களிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாகலாம். ஸ்வரண் சிங் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இது. நீங்கள் எனக்கு எழுதியிருக்கும் கடிதமே, உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி. ஆகவே அந்த யோசனை வேண்டாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். இந்தியாவில் கார் ஓட்டக் குறைந்தபட்ச வயதைத்தான் சட்டம் சொல்கிறது. உச்ச வயது கிடையாது. குறிப்பிட்ட வயதைத் தாண்டினால் மறுதேர்வு என்றும் கிடையாது. 55 வயதுக்கு மேல் ஒவ்வொரு முறையும் ஐந்தாண்டுக்குத்தான் புதுப்பிப்பார்கள், அவ்வளவுதான். 40 வயது கடந்தவர் புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்றிதழ் தர வேண்டும். அதற்குப் பெயர் படிவம் 1-ஏ.

வயதை மட்டும் வைத்து எல்லோரையும் மறுதேர்வுக்கு இழுப்பதை நான் ஆதரிக்கவில்லை. நியூசிலாந்தில் 80 வயதானவர்களுக்குக் கட்டாயமாக இருந்த சாலைத் தேர்வை 2006-லேயே கைவிட்டார்கள். ஜப்பானில் 75 தாண்டியவர்களில் குறிப்பிட்ட விதிமீறல்கள் செய்தவர்களுக்கு மட்டும் 2022 முதல் ஓட்டும் தேர்வு வைக்கிறார்கள். வயதைப் பார்க்காமல் ஓட்டும் விதத்தைப் பார்ப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. இன்னொன்று, இத்தனை வருஷம் ஓட்டிய உங்கள் அப்பா நாளைக் காலையில் மைதானத்தில் ‘எட்டு’ போட்டுக் காட்டிவிடுவார். இரவில் எதிர் விளக்கில் கண் கூசுவதையும், பிரேக்கை மிதிக்கக் கால் தாமதிப்பதையும் அந்த எட்டு காட்டிக் கொடுக்காது.

அதைக் காட்டிக் கொடுக்க வேண்டியது மருத்துவச் சான்றிதழ்தான். பல இடங்களில் ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடுகிறார்கள், இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். லைசென்ஸ் படிவங்களில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, திடீர் மயக்கமோ தலைசுற்றலோ வருமா, ஹார்ன் சத்தம் காதில் விழுகிறதா, கை கால் அசைவில் குறை உண்டா. இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் எழுதினாலே உங்கள் பிரச்சினைக்குப் பாதி விடை கிடைத்துவிடும். தெருவில் நிற்கும் ஒரு காரிலிருந்து முப்பது முப்பத்தைந்து காலடி எடுத்து வைத்துத் தள்ளி நின்று, அந்த நம்பரை அப்பாவை வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டே வாசிக்கலாம், தவறில்லை.

அப்பா பரிசோதனைக்கே மறுத்தால்? அதற்கு 16-வது பிரிவு இருக்கிறது. நோயாலோ உடல் குறையாலோ ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், லைசென்ஸ் அதிகாரி எப்போது வேண்டுமானாலும் புதிய மருத்துவச் சான்றிதழ் கேட்கலாம், லைசென்ஸை ரத்தும் செய்யலாம். மகள் என்ற முறையில் நீங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். ‘வயதாகிவிட்டது’ என்று மட்டும் எழுதினால் அந்த மனு நிற்காது. எந்தத் தேதியில் என்ன நடந்தது, என்ன சிகிச்சை எடுக்கிறார் என்பதை எழுதுங்கள். மனு கொடுத்தாலே நடவடிக்கை வரும் என்றும் சொல்ல முடியாது, அது அதிகாரியின் முடிவு. ரத்து செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அப்பா 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெற்ற மகளே அரசாங்கத்துக்கு எழுதினாள் என்ற வலி எளிதில் ஆறாது.

இன்னொரு பிரிவு அப்பாவுக்கே தெரிய வேண்டியது. பொதுமக்களுக்கு ஆபத்தாகும் அளவுக்குத் தனக்கு நோயோ குறையோ இருப்பது தெரிந்தே ஓட்டினால், 186-வது பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய் வரை அபராதம். தொகை சிறிதுதான். ஆனால் யாராவது இறந்துபோனால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. அப்போது அவர் கண் பிரச்சினையைத் தெரிந்துகொண்டேதான் ஓட்டினாரா என்று நிச்சயம் கேட்பார்கள்.

ஆகவே இந்த வாரமே கண் டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். ‘லைசென்ஸ் புதுப்பிக்கச் சான்றிதழ் வேண்டும்’ என்று சொல்லியே அழைத்துப் போகலாம், அது உண்மையும்கூட. கண்புரை, கண் நீர் அழுத்தம், பக்கவாட்டுப் பார்வை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். புரைதான் காரணம் என்றால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நன்றாக ஓட்டுபவர்கள் ஏராளம். தூக்கம் வரவைக்கும் மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா என்று அவருடைய வழக்கமான டாக்டரிடமும் கேளுங்கள். அறிக்கை கைக்கு வரும்வரை இரவில் ஓட்ட வேண்டாம் என்று மட்டும் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். ஆர்சி உங்கள் பெயரில் இருக்கிறது. லைசென்ஸ் இருப்பதால் மட்டும் உங்கள் காரை ஓட்டும் உரிமை யாருக்கும் வந்துவிடாது, அப்பாவுக்கும்தான்.