அப்பாவின் மூன்று பழைய கார்கள்: புதுப்பிக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 78, அம்மாவுக்கு 73. அப்பா பெயரில் மூன்று பழைய காடிகள்: 1967 மோரிஸ் மைனர், 1976 டட்சன் 120ஒய், 1982 மெர்சிடிஸ் 200. அப்பா இப்போது ஓட்டுவதில்லை. ஞாயிறு காலையில் நான் ஓட்ட, இருவரும் உட்கார்ந்து வருவார்கள். அப்பாவுக்கு மோரிஸ்தான் உயிர். அம்மாவுக்கு முட்டி வலி என்பதால் மெர்சிடிஸில்தான் ஏறுவார். டட்சன் 4 ஆண்டாகக் கொட்டகையில் நிற்கிறது. அதை ஓர் இளைஞர் 18,000 வெள்ளிக்குக் கேட்கிறார். மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 14,000 வெள்ளி போகிறது. மோரிஸை முழுதாகப் புதுப்பிக்க ஒரு பட்டறை 38,000 வெள்ளி, 18 மாதம் என்கிறது. ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) மூன்றாம் கணக்கில் 21,000 வைத்திருக்கிறேன். மீதி 17,000-க்குத் தனிநபர் கடன் எடுக்கலாமா? எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு வயது 45.

பதில்: 38,000 வெள்ளியைவிட அந்த 18 மாதம்தான் உறுத்துகிறது. மோரிஸ் வெளியே வரும்போது அப்பாவுக்கு 80 நெருங்கியிருக்கும். சொன்ன கெடுவில் முடிக்கும் பட்டறையும் அரிது. பெயிண்டைச் சுரண்டிய பிறகுதான் கதவுக்குக் கீழே ஓடும் தகடு, தரை, பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் ஆகியவற்றின் துரு வெளியே தெரியும். அன்றைக்கே விலையும் மாறும். உங்கள் வீட்டில் கார் இருப்பது ஞாயிறு காலைக்காக. அதை ஒன்றரை ஆண்டு நிறுத்திவிட்டுப் பளபளப்பு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எனவே முழுப் புதுப்பிப்பு வேண்டாம். தம்பி சொல்வதுபோல் எல்லாவற்றையும் விற்கவும் வேண்டாம்.

கடன் கணக்கையும் பார்த்துவிடுவோம். 17,000 வெள்ளிக்கு 6 விழுக்காடு நிலையான வட்டியில் 5 ஆண்டு என்றால் வட்டி மட்டும் 5,100. மாதத் தவணை 368. கடன் குறையக் குறைய வட்டி குறையாத முறை இது. உண்மையில் நீங்கள் கட்டுவது ஏறக்குறைய 11 விழுக்காடு. மூன்றாம் கணக்கிலிருந்து எந்த நேரமும் எடுக்கலாம் என்பது 2024 மே முதல் வந்த வசதி. ஆனால் அதுவும் உங்கள் ஓய்வுக்காலப் பணம்தான். 2023-இல் சேமநிதி 5.5 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது, 2024-இல் 6.3. குறைந்த விகிதத்தையே எடுத்தாலும் 21,000 வெள்ளி 15 ஆண்டில் ஏறக்குறைய 46,900 ஆகும். உங்கள் 60-ஆவது வயதின் பணத்தை மோரிஸின் பெயிண்டுக்குக் கொடுக்க வேண்டாம்.

இனி அந்த 14,000. ரோட் டேக்ஸ் இதில் ஒரு பொருட்டே அல்ல: 1098 சிசி மோரிஸுக்கும் 1171 சிசி டட்சனுக்கும் தலா 55, 1997 சிசி மெர்சிடிஸுக்கு 378.50. காப்புறுதி போக, பணம் கரைவது பழுதில்தான். அதிலும் ஓடாமல் நிற்பதால் வரும் பழுதுதான் அதிகம். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளிருந்து துருவை வளர்க்கும். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் பிசுபிசுத்துக் கார்புரேட்டரை அடைக்கும். வீட்டு வாசலில் 5 நிமிடம் எஞ்சினை முடுக்கி அணைப்பது பராமரிப்பு ஆகாது. எஞ்சின் சூடேறாததால் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் நீர் தங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் சாலையில் ஓட வேண்டும். ஒருவர் மூன்று காருக்கு இதைச் செய்ய முடியாது, இரண்டுக்கு முடியும்.

ஆகவே டட்சனைக் கொடுத்துவிடுங்கள். 120ஒய்-க்கு நம் நாட்டில் இளைஞர்களிடம் நல்ல கிராக்கி இருக்கிறது. கொட்டகையில் நிற்கும் ஒவ்வோர் ஆண்டும் தரைத்தகடு அரித்து அந்த விலை இறங்கும். ஒரு விஷயம்: அது அப்பாவின் கார், பணமும் அப்பாவின் பணம். அவர் சம்மதத்தோடு, அவர் கணக்கிலேயே 18,000-உம் ஏறட்டும். தம்பிக்கும் தெரியட்டும். முழுப் பணமும் வந்த பின்பே ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பெயர் மாற்றம். பெயர் மாறாமல் வண்டி வெளியே போனால் சம்மன்கள் அப்பா பெயரில் வரும்.

அதில் 8,000 வெள்ளியை இந்த ஆண்டு வேலைக்கு ஒதுக்குங்கள். 10,000 அவசரத்துக்கு நிரந்தர வைப்பில் இருக்கட்டும்.

மோரிஸுக்கு 3,000. முதலில் பிரேக். இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். ஓரிடத்தில் ஒழுகினால் பெடல் தரையைத் தொட்டுவிடும். சக்கர சிலிண்டர் ஆறு (முன்னால் பக்கத்துக்கு இரண்டு), ரப்பர் ஹோஸ் மூன்று, ஓட்டுநர் காலடியில் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக மாற்றினால் கூலி மும்மடங்காகும். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும். அடுத்தது முன்சக்கர ட்ரனியன், அதாவது சக்கரம் திரும்ப உதவும் மரையுள்ள மூட்டு. கிரீஸ் இல்லாமல் அதன் மரை தேய்ந்தால் ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கிக் கார் உட்கார்ந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைத் தூக்கிவைத்து, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல் பக்கவாட்டு நான்கு இலக்கத்தையும் பாருங்கள்; 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அவ்வளவு பழைய டயரைக் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, மோரிஸில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இது தெரியாத போமன் (மெக்கானிக்) டேஷ்கேம் மாட்டப் போய் வயரைக் கருக்கிவிடுவார். போனட்டுக்குள் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவையுங்கள்.

மெர்சிடிஸுக்கு 5,000, அதில் பெரும்பங்கு ஏர்கோனுக்கு. 73 வயதில் மதிய வெயிலில் வியர்த்துக்கொண்டு வருவது இன்பம் அல்ல. அந்தக் காலத்து ஆர்12 வாயு இப்போது இல்லை. ஆர்134ஏ-க்கு மாற்றும்போது பழைய மினரல் எண்ணெயைக் கழுவி எஸ்டர் எண்ணெய் ஊற்றி, டிரையரையும் சீல்களையும் மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். வாயுவை மட்டும் ஏற்றினால் கம்ப்ரெசர் அரைபட்டுவிடும். எஞ்சின் அறையில் உள்ள பெட்ரோல் ரப்பர் குழாய்கள் அனைத்தையும் மாற்றுங்கள். அவை இறுகி வெடித்துச் சூட்டின் மேல் சொட்டுவதுதான் பழைய கார் தீப்பற்ற ஒரு முக்கியக் காரணம். ஜாக்கி வைக்கும் நான்கு இடத்திலும் துரு பாருங்கள், பினாங்குக் கடல் காற்றுக்கு அங்கேதான் வேலை அதிகம்.

மேற்கொண்டு இரண்டு காருக்கும் மாதம் 700 வெள்ளி, ஆண்டுக்கு 8,400. காப்புறுதியும் இதற்குள் அடங்கட்டும். ஒரே பழுதுக்கு 5,000-க்கு மேல் கேட்டால் அவசரப் பணத்தைத் தொடாமல் அந்தக் காரை நிறுத்திவிட்டுக் குடும்பமாகப் பேசுங்கள். கார் ரசீதுக்கு வரிக்கழிவு ஏதும் கிடையாது. பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கோ ஆண்டுக்கு 8,000 வரை உண்டு. அந்த ரசீதுகளைத் தவறவிடாதீர்கள்.

காப்புறுதியில் பலரும் வழுக்குவது இங்கே: சந்தை விலையில் எடுத்த முழுக் காப்புறுதியில், 10 ஆண்டு கடந்த காருக்குப் புதுப் பொருள் போட்டால் அதன் விலையில் 40 விழுக்காடு வரை நீங்களே கட்ட வேண்டிவரும். அதனால் முழுக் காப்புறுதி எடுப்பதாக இருந்தால் மதிப்பீட்டு அறிக்கையோடு, ஒப்புக்கொண்ட விலையில் (இழப்பீட்டுத் தொகையை முன்கூட்டியே பேசி முடிப்பது) கேளுங்கள். கிடைக்காவிட்டால் மூன்றாம் தரப்புடன் தீ, திருட்டுக் காப்பே போதும். வெள்ளத்துக்குத் தனிக் காப்பு சேர்க்க வேண்டும். 2017 நவம்பர் வெள்ளத்தில் காரைப் பறிகொடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஓட்டுநர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கட்டும். இல்லாவிட்டால் விபத்தில் முதல் 400 வெள்ளி உங்கள் கையிலிருந்துதான். கார்களை உங்கள் பெயருக்கு மாற்றினால் அப்பாவின் என்சிடி (இழப்பீடு கேட்காததற்கான கட்டணக் கழிவு) 55 விழுக்காடாக இருந்தாலும் உங்களுக்கு வராது. ஆகவே அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

அதற்குப் பதில் அப்பா ஓர் உயில் எழுதட்டும். உயில் இல்லாமல் அவர் காலமானால், அவருடைய பெற்றோர் இல்லாத நிலையில், 1958 பங்கீட்டுச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. காரை மூன்றாக அறுக்க முடியாது. சொத்தை நிர்வகிக்க அனுமதிக்கும் நிர்வாகப் பத்திரம் வரும் வரை விற்கவும் முடியாது. மோரிஸ் யாருக்கு, மெர்சிடிஸ் யாருக்கு என்று பதிவு எண்ணோடு எழுதுங்கள். சாட்சிகள் இருவர் வேண்டும். கார் பெறப்போகும் நீங்களோ தம்பியோ, உங்கள் மனைவியரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கொடை செல்லாது. அப்பா நினைவு தெளிவாக இருக்கும்போதே இதை முடியுங்கள். நினைவு தவறிய பின் தம் சார்பில் செயல்பட அவர் முன்பு கொடுத்த அதிகாரப் பத்திரமும் செல்லாது, உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். டட்சன் விற்பனைக்கும் இதே காரணம் பொருந்தும் என்பதால், அந்த இளைஞரிடம் இந்த மாதமே பேசுங்கள்.