பி.எஸ்சி முதலாண்டு லேபில் டைட்ரேஷன் எனக்கு மட்டும் சரியாக வருவதில்லை. எப்படிப் பழகுவது?

ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மற்றொன்றின் அளவைக் கண்டறியும் டைட்ரேஷனை மூன்று முறை போட்டால் மூன்று ரீடிங் வருகிறது, பக்கத்து மேசையில் எல்லோருக்கும் ஒத்து வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பல வருடங்களாக முதலாண்டு மாணவர்களுக்கு லேப் எடுக்கிறேன். பக்கத்து மேசையைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அங்கே சிலர் முதல் ரீடிங்கைப் பார்த்து மற்ற இரண்டையும் எழுதிக்கொள்கிறார்கள்.

நானும் மாணவியாக இருந்தபோது ஒருநாள் அதைச் செய்தேன். 18.6 மூன்று முறை எழுதிக் காட்டினேன். மேடம் நோட்டைப் பார்த்துவிட்டு, "என் முன்னாடி இன்னொரு தடவை போடும்மா" என்றார். 18.0 வந்தது. அவர் திட்டவில்லை. முதல் தடவை பியூரெட்டின் (கரைசலைச் சொட்டாக விடும், அளவுக் கோடிட்ட நீளக் குழாய்) நுனியில் காற்றுக் குமிழி இருந்திருக்கும், பாதியில் அது வெளியேறியதால் 0.6 மி.லி. கூடுதலாகக் காட்டியிருக்கும் என்று விளக்கினார். மற்ற இரண்டையும் உண்மையாகப் போட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

அதனால் ரீடிங் மாறினால் அழிக்காதீர்கள், எப்படி மாறுகிறது என்று பாருங்கள். முதல் ஒன்று மட்டும் கூடுதல் என்றால் பெரும்பாலும் குமிழி. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தால், பியூரெட்டைக் கழுவிவிட்டு நிரப்பப்போகும் கரைசலால் அலசாமல் விட்டிருப்பீர்கள். ஒட்டியிருந்த தண்ணீர் கரைசலை நீர்க்கச் செய்திருக்கும். பியூரெட்டின் மேல் வைத்த புனலை எடுக்க மறந்தால் அதிலிருந்து சொட்டி ரீடிங் குறையும். சொட்டுகள் விழும் கூம்புக் குடுவையான கோனிகல் பிளாஸ்கை மட்டும் வாலைவடிநீரால்தான் அலச வேண்டும். பிப்பெட்டால் (குறிப்பிட்ட அளவை உறிஞ்சி எடுக்கும் குழாய்) எடுக்கும் கரைசலால் அலசினால் அளவுக்கு மேல் உள்ளே போய்விடும்.

கூடியும் குறைந்தும் கன்னாபின்னாவென்று வந்தால் பிப்பெட்டைச் சந்தேகப்படுங்கள். அதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது, என் மாணவர்கள் எல்லோரையும் செய்ய வைக்கிறேன். எடை பார்த்த பீக்கரில் 20 மி.லி. பிப்பெட்டால் தண்ணீர் விட்டு மறுபடி எடை பாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் 19.9 கிராம் பக்கம் வர வேண்டும். ஐந்து முறை செய்யுங்கள். ஐந்தும் 0.05 கிராமுக்குள் நின்றால் உங்கள் கை பழகிவிட்டது. நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதாதீர்கள். நுனியைப் பீக்கரின் உள்சுவரில் தொட்டு எடுத்தால் போதும், மிச்சத்தைக் கணக்கில் வைத்துத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள். அப்புறம், வாயால் உறிஞ்சவே கூடாது. ரப்பர் பல்பு கேட்டு வாங்குங்கள்.

பெர்மாங்கனேட் டைட்ரேஷனில்தான் முதலாண்டுப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆக்சாலிக் அமிலத்தோடு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி, பிளாஸ்கின் கழுத்தை மடித்த தாளால் பிடித்துக்கொண்டு வருவீர்கள். பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டின் முதல் சொட்டு விழும். இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். அதையே எண்ட் பாயிண்ட், அதாவது வினை முடிந்ததைக் காட்டும் நிறமாற்றம், என்று நினைத்துப் பதறுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுத்து, பிளாஸ்கைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். நிறம் மெல்ல மறையும். இந்த வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனிதான் வினைக்கே ஊக்கி. அது சேர்ந்த பிறகு அடுத்த சொட்டுகள் விழுந்ததும் நிறமிழக்கும். பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை, அல்லது கரைசல் ஆறிவிட்டது, அல்லது பியூரெட்டை வேகமாகத் திறந்துவிட்டீர்கள். கொதிக்கவும் விடாதீர்கள், ஆக்சாலிக் அமிலம் சிதையத் தொடங்கும்.

கடைசி ஒரு மி.லி.க்கு வந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இடது கையால் பியூரெட்டைத் திறந்து மூடும் ஸ்டாப்காக், வலது கையால் பிளாஸ்க். அரைச் சொட்டு நுனியில் தொங்கும்போது மூடி, அதைப் பிளாஸ்கின் சுவரில் தொட்டு, வாஷ் பாட்டிலால் கழுவி உள்ளே இறக்குங்கள். நிறம் அரை நிமிடம் நின்றால் சரி. பெர்மாங்கனேட் அடர் ஊதாவாக இருப்பதால் திரவ மட்டத்தின் கீழ் வளைவு தெரியாது. மேல் விளிம்பைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படியுங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மாதிரி.

இந்த அரைச் சொட்டைப் பிடிக்க எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது. லேப் நேரம் போதாது என்றால் மதிய இடைவேளையில் லேப் அசிஸ்டன்ட் அண்ணனிடம் ஒரு பியூரெட் கேட்டுப் பாருங்கள். தண்ணீரை நிரப்பிச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழகத்தான் என்று சொன்னால் பெரும்பாலும் தருவார்.