கொலம்பைன் கேட்டால் மிளகாய் வந்தது

கேள்வி: இணையக் கடையில் நீல நிறக் கொலம்பைன் பூ விதை 100 என்று 18 ரிங்கிட் 90 சென்னுக்கு வாங்கினேன். ‘வெயிலைத் தாங்கும், ஆண்டு முழுதும் பூக்கும்’ என்று விளம்பரத்தில் இருந்தது. நான்கு மட்டும் முளைத்தன. அவை மிளகாய்க் கன்று என்கிறார் என் மாமியார். விற்றவரோ, விதைத்துவிட்டதால் பணம் தர முடியாது என்கிறார். மீதி விதையையும் கன்றையும் படமெடுத்து அனுப்பியுள்ளேன்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மாமியார் சொன்னதுதான் சரி. கொலம்பைன் விதை நல்ல கருப்பு. கருஞ்சீரகத்தைவிடச் சற்றுச் சிறியது, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். உங்கள் படத்தில் இருப்பவை தட்டையான, வெளிர்மஞ்சள் விதைகள். கொலம்பைன் இலையும் கொத்தமல்லிபோல் மும்மூன்றாகப் பிரிந்திருக்கும். இப்படி நீண்டு கூர்மையாக இருக்காது.

அசல் விதையே வந்திருந்தாலும் உங்கள் வாசலில் பூத்திருக்காது. அது குளிர்நாட்டுச் செடி. அமெரிக்காவின் மலைப்பாங்கான குளிர் மாநிலம் கொலராடோ 1899இல் மாநில மலராக ஏற்றது இதில் ஒரு வகையைத்தான். ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் மூன்று நான்கு வாரம் வைத்தால் விதை முளைக்கலாம். ஆனால் பூப்பதற்குச் செடி ஒரு குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும். செம்பனைத் தோட்டத்து வெக்கையில் அதற்கு எங்கே போவது?

புகாரில் ‘முளைக்கவில்லை’ என்று எழுதாதீர்கள். தண்ணீர் அதிகம், மண் சரியில்லை என்று விற்றவர் நழுவிவிடுவார். ‘விளம்பரத்தில் சொன்ன பொருள் வரவில்லை’ என்று எழுதுங்கள். மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருள் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. விதைத்ததால் அந்த உரிமை போய்விடாது. விளம்பரத்தை அவர் அழிப்பதற்குள் படம் பிடித்துக்கொள்ளுங்கள். உறையையும் எறிய வேண்டாம்.

முதலில் அந்த இணையக் கடையிலேயே புகார் செய்யுங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் வேண்டாம். விற்றவர் உள்நாட்டுக்காரராக இருந்தால் மட்டும் அங்கே போங்கள். வெளிநாட்டுக்காரரிடம் 18 ரிங்கிட்டை வசூலிப்பது நடக்கிற காரியமில்லை.

உறையில் வெளிநாட்டு அஞ்சல்தலை இருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதி அனுமதி இல்லாமல் விதை தருவிப்பது குற்றம். அப்படி வந்ததென்றால் மீதியை விதைக்காமல் விவசாய இலாகாவில் கேளுங்கள்.

நீலப் பூதான் ஆசையென்றால், பக்கத்து வேலியில் காய்ந்து தொங்கும் சங்குப்பூ நெற்று நான்கைக் கேட்டு வாங்குங்கள். விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் போதும்.