இங்கிலீஷ் சரளமா பேச, சேர்ந்தே வர்ற வார்த்தைகளை மனப்பாடம் பண்ணினா போதுமா?

கிராமர் ஓரளவு வருது, ஆனா வாயைத் திறந்தா செயற்கையா இருக்கு, ‘மேக் எ மிஸ்டேக்’, ‘ஹெவி ரெயின்’ மாதிரி சேர்ந்தே வர்ற வார்த்தைகள்ல ஒரு 500 மனப்பாடம் பண்ணிட்டா சரியாயிடுமான்னு கேட்டிருக்கீங்க. நீங்க தமிழ் மீடியம், சீக்கிரமே ஒரு இன்டர்வியூ இருக்கு, எவனோ போட்ட லிஸ்டை பிரிண்ட் எடுத்து வச்சிருக்கீங்கன்னு நானா நினைச்சுக்கிறேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க. ‘மேக் எ மிஸ்டேக்’ங்கிற உதாரணத்தைப் பார்த்ததும் என்னால சும்மா தாண்டிப் போக முடியல, அதான் எழுதுறேன்.

நான் வாத்தியார் இல்ல. காரைக்குடில பி.காம் முடிச்சுட்டு 2014ல கானாடுகாத்தான் பக்கம், பழைய செட்டிநாட்டு வீடு ஒண்ணை ஹோட்டலா மாத்தியிருந்தாங்க, அங்க ரிசப்ஷன்ல சேர்ந்தேன். சேர்ந்த மூணாவது வாரம் ஒரு இங்கிலாந்து அம்மா வந்தாங்க, எழுபது வயசு இருக்கும், முட்டி வலி, கீழ் ரூம்தான் வேணும்னு முன்னாடியே மெயில் போட்டிருந்தாங்க. நான் அதைக் கவனிக்காம மாடில போட்டுட்டேன். மறுநாள் காலைல அவங்க கைப்பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா பக்கவாட்டுல இறங்கி வர்றதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆயிடுச்சு. ஓடிப் போய் ‘வெரி சாரி மேடம், ஐ டிட் எ மிஸ்டேக்’னேன். அந்த அம்மா ஒண்ணுமே சொல்லல, சிரிச்சுட்டுப் போய் சாப்பிட உட்கார்ந்தாங்க. பின்னாடி நின்ன மேனேஜர்தான் டிரைவர், ரூம் பாய் எல்லாரும் இருக்க, ‘மிஸ்டேக்கை டூ பண்ண மாட்டாங்கப்பா, மேக் பண்ணுவாங்க, மன்னிப்பு கேக்குறதையாவது தப்பில்லாம கேளு’ன்னாரு. அதிகமா சிரிச்சது ரூம் பாய். அவனுக்கு ஏ பி சி டி முழுசா தெரியாது.

சாயங்காலம் வெட்கத்தை விட்டு அவர்கிட்டயே போய், ஏன் சார் டூ வரக்கூடாதுன்னு கேட்டேன். ‘அது அப்படித்தான்’னாரு. அவ்வளவுதான் அவருக்கும் தெரியும்.

எனக்கு இது விளங்குனது அடுத்த சீசன்ல, ஒரு பிரெஞ்சுக்கார அம்மாவால. புதுச்சேரில ஆறு மாசம் தமிழ் படிச்சவங்க, இலக்கணமெல்லாம் சுத்தமா பேசுவாங்க. ஒரு நாள் நேரா சமையக்கட்டுக்குள்ள வந்து, ‘அக்கா, நான் தலை வெட்ட வேண்டும், எங்கே போகலாம்?’னு கேட்டாங்க. அக்கா எண்ணெயில வெள்ளைப் பணியாரம் ஊத்திக்கிட்டு இருந்தாங்க, கையில கரண்டி அப்படியே நிக்குது. ‘ஆத்தாடி, யாரு தலையம்மா?’ன்னாங்க. அந்தம்மா தன் முடி நுனியைப் பிடிச்சுக் காட்டினாங்க. அப்புறம் நாங்க சிரிச்ச சிரிப்புல அந்த ஈடு பணியாரம் பூரா சிவந்துபோச்சு, வெள்ளைப் பணியாரம்னு சொல்லி வைக்க முடியல, ஸ்டாஃப்தான் சாப்பிட்டோம்.

அந்தம்மா விடல. ‘தலை வாரலாம், தலை பின்னலாம், தலை வெட்டக் கூடாதா, ஏன்?’னாங்க. நான் யோசிச்சுப் பார்த்துட்டு, ‘அது அப்படித்தான் மேடம்’னேன். சொல்லி முடிச்ச பிறகுதான் மேனேஜர் ஞாபகமே வந்துச்சு.

இதை நாம ஸ்கூல்லயே படிச்சிருக்கோம். தமிழ் ஐயா ஒரு மார்க் கேள்விக்கு உருப்போட வைப்பாரே, கூடை முடைந்தான், பானை வனைந்தான், சுவர் எழுப்பினான், காகம் கரையும், ஆந்தை அலறும்னு. வினைமரபு, ஒலிமரபு. எந்த உயிரோட பிள்ளையை குட்டின்னு சொல்லணும், எதைக் கன்றுன்னு சொல்லணும்னு தொல்காப்பியத்துல மரபியல்னு தனி இயலே இருக்கு. இங்கிலீஷ்ல இதுக்கு கொலோகேஷன்னு பேரு. ஃபெர்த்னு ஒரு லண்டன் பேராசிரியர் 1950கள்ல இந்தச் சொல்லை மொழியியல்ல நிலைக்க வச்சாரு, அதுக்கு முன்னாடி லாகூர்ல இங்கிலீஷ் பாடம் நடத்தினவரு. புதுசா ஏதோ வித்தைன்னு பயப்படாதீங்கன்னு சொல்றதுக்காகத்தான் இதெல்லாம்.

நம்ம ஆளுங்களுக்கு அதிகமா வம்பு பண்றது ரெண்டு வார்த்தை, ‘பண்ணு’, ‘போடு’. தமிழ்ல தப்பும் பண்ணுவோம், வேலையும் பண்ணுவோம், இங்கிலீஷ்காரனுக்கு முதலாவது மேக், ரெண்டாவது டூ. போடு இன்னும் மோசம். டீ போடுறோம், டிவி போடுறோம், கோலம் போடுறோம், சண்டை போடுறோம், சட்டையும் போடுறோம். அவன் டீயை மேக் பண்றான், டிவியை டர்ன் ஆன் பண்றான், கோலத்தை டிரா பண்ணணும், சண்டைக்கு ஹேவ், சட்டைக்கு புட் ஆன். மாத்திரையை நாம சாப்பிடுறோம், அவன் டேக் பண்றான். கனவை நாம காண்றோம், அவனுக்கு ஹேவ். அதனால நீங்க தப்பு விடுற இடம் 500 கிடையாது தம்பி, உங்க தமிழ் எங்கெங்க இழுக்குதோ அங்கதான், அதை நீங்களே கண்டுபிடிச்சுடலாம்.

லிஸ்ட் வேலைக்கே ஆகலையான்னா, எனக்கு ஆகல. நானும் ஒரு புத்தகம் வாங்கி முப்பது பக்கம் உருப்போட்டேன், ஒண்ணும் வாயில வரல. ஒட்டுனது என் வேலையில இருந்து எடுத்தது மட்டும்தான். கெஸ்ட்டை ஆத்தங்குடிக்கு டைல்ஸ் பார்க்கக் கூட்டிட்டுப் போவேன். கண்ணாடி மேல ஃபிரேமை வச்சு, உள்ளே டிசைன் அச்சை வச்சு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் சின்னக் கரண்டியால கலர் ஊத்துவாங்க, அச்சை மெதுவா மேல தூக்குனா ஒரு கலர் கூட பக்கத்துக் கலரோட கலந்திருக்காது. மேல காஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவை வச்சு, தண்ணில சில நாள் ஊறப்போட்டா கண்ணாடி தனியா கழண்டு வரும், பளபளப்பு அந்தக் கண்ணாடி குடுத்ததுதான், சூளையே கிடையாது. இதையெல்லாம் நான் ஆரம்பத்துல ‘புட் கலர், புட் சிமெண்ட், புட் வாட்டர்’னு புட்டு அவிச்சுக்கிட்டு இருந்தேன். கெஸ்ட் திருப்பிக் கேள்வி கேக்குறப்ப அவங்க என்ன வார்த்தை போடுறாங்கன்னு கவனிச்சு, வெளியில வந்து நோட்டுல எழுதுவேன். கலருக்கு போர், சிமெண்டுக்கு ஸ்பிரிங்கிள், தண்ணிக்கு சோக், தரையில டைல்ஸ் பதிக்கிறதுக்கு லே. கோழி முட்டையிடுறதுக்கும் அதே லேதான்னு தெரிஞ்சப்ப ஒரு குஷி. ஒரு பெயர்ச்சொல்லுக்கு ஒரு பக்கம், அதோட யாரு யாரு குடித்தனம் பண்றாங்கன்னு கீழ எழுதணும், தனி வார்த்தையா எழுதாம முழு வாக்கியமா. அப்பாயின்ட்மென்ட்னா மேக், கீப், மிஸ், கேன்சல். மழைக்கும் டிராபிக்குக்கும் ஹெவி, காத்துக்கும் டீக்கும் ஸ்ட்ராங். இதுல ஹெவியும் ஸ்ட்ராங்கும் உங்களுக்கு ஏற்கனவே தெரியும், டீக்கடைல ‘ஹெவியா ஒரு டீ’ன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?

‘மேக் எ டிசிஷன்’ மட்டும் இல்ல, ‘டேக் எ டிசிஷன்’னும் பிரிட்டிஷ்காரன் சொல்றான், ‘டேக் அன் எக்ஸாம்’க்கு பதிலா ‘ரைட் அன் எக்ஸாம்’னு எழுதுறது இந்தியா பூரா ஓடுதுன்னு கீழ கமெண்ட்ல வந்து பாடம் எடுக்கப் போறவங்களுக்கு: தெரியும் சார். கிராமர் வேண்டாம்னும் நான் சொல்லல. தாய்மொழியை விட்டுட்டு இங்கிலீஷ் பின்னாடி ஓடாதேன்னு சொல்றவங்க, உங்க பிள்ளைங்க எந்த மீடியம்னு எழுதிட்டு சொல்லுங்க.

டைல்ஸ் பேச்சு வந்ததால ஒண்ணு. இப்போ மெஷின்ல பிரிண்ட் அடிச்ச செராமிக்கை ‘ஆத்தங்குடி டைல்ஸ்’னு விக்கிறாங்க, எங்க சித்தப்பா வீட்டுலயே ஏமாந்து வாங்கிட்டு வந்து, மூணு மாசமா என்கிட்ட ‘ஏன்டா இது பழைய வீட்டுத் தரை மாதிரி ஜில்லுன்னு இல்ல’ன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கம் திருப்பிப் பாருங்கய்யா, சிமெண்ட் தெரியணும். கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், விடுங்க.

இன்டர்வியூவுக்கு ஒரு மாசம் இருக்குன்னா, அங்க நீங்க சொல்லப் போற விஷயம் பத்தைத் தமிழ்ல எழுதி, எங்கெல்லாம் பண்ணு, போடு வருதோ அடிக்கோடு போட்டு, அதுக்கு மட்டும் சரியான ஜோடியைத் தேடுங்க. என் நோட்டு வேணும்னா போட்டோ எடுத்துப் போடுறேன். ரெண்டு மூணு பக்கத்துல எண்ணெய்க் கறை இருக்கும், சமையக்கட்டுல வச்சு எழுதுனது.